கிளி சொல்லிவிடும்

வாட்ஸ்அப்பில் புதிதாக ஒருவரோடு பேசத் தொடங்கினால் மேலே மஞ்சள் பெட்டிக்குள் ஓர் அறிவிப்பு வருகிறது. இந்த உரையாடல் மறையாக்கம் செய்யப்பட்டது, இதற்கு வெளியே உள்ள எவரும், நிறுவனமேகூட, இதைப் படிக்கவோ கேட்கவோ முடியாது என்பது அதன் சாரம். 2016 ஏப்ரலிலிருந்து இந்த ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. ஆனால் நம் பக்கத்தில் அதை முழுக்க நம்புகிறவரும் இல்லை, முழுக்க நம்பாதவரும் இல்லை. "சாதா கால் வேண்டாம், வாட்ஸ்அப் கால்ல வா" என்று சொல்கிற அதே ஆள், "இதையெல்லாம் மெசேஜ்ல போடாதப்பா, நேர்ல பேசிக்கிடலாம்" என்றும் சொல்வார். ராஜபாளையத்தில் நூல் விலை பேசுகிறவரானாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்ணுக்கு வரன் பேசுகிறவரானாலும் சரி, இந்த இரட்டை மனம் பொதுவானது.

இதைத் தொழில்நுட்பம் தெரியாதவர்களின் பயம் என்று ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தயக்கத்துக்குள் ஒரு பழைய அறிவு இருக்கிறது. பாதை பத்திரமாக இருப்பது வேறு, பேச்சு பத்திரமாக இருப்பது வேறு என்கிற அறிவு. அது மிகத் தெளிவாக எழுதப்பட்டிருக்கும் நூல் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பிறந்தது. நாச்சியார் திருமொழி.

ஆண்டாளின் இந்த நூலை பக்தியாகப் படித்திருக்கிறோம், காதலாகப் படித்திருக்கிறோம், பெண்ணின் உடல்மொழியாகவும் படித்திருக்கிறோம். 14 பதிகங்கள், 143 பாசுரங்கள். இதையே செய்தி அனுப்புவதைப் பற்றிய நூலாகவும் படிக்கலாம். ஒரு பெண் தன் மனதிலிருப்பதை ஒரே ஒருவனிடம் சேர்க்கப் பார்க்கிறாள். அவளுக்கும் அவனுக்கும் இடையே எப்போதும் இன்னொருவர் நிற்கிறார். அந்த இன்னொருவரை நம்பலாமா என்ற கேள்வி பதிகம் பதிகமாகத் திரும்பி வருகிறது.

ஐந்தாம் திருமொழியில் அந்த இன்னொருவர் ஒரு குயில். அவன் வரும்படி கூவச் சொல்கிறாள். சும்மா சொன்னால் கேட்குமா? பேரம் பேசுகிறாள். இனிய சோறும் பாலும் ஊட்டி வளர்த்த தன் அழகான கிளியை உனக்குத் தோழியாக்குகிறேன் என்கிறாள். பதிகத்தின் முடிவுக்கு வரும்போது தொனி மாறிவிடுகிறது. இன்று கூவாவிட்டால் இந்த இடத்தைவிட்டே உன்னை விரட்டிவிடுவேன் என்று மிரட்டல். லஞ்சமும் மிரட்டலும் ஒரே பதிகத்துக்குள். இடையில் நிற்பவனிடம் நாம் எப்போதும் இப்படித்தான் நடந்துகொள்கிறோம். இன்று அரசுகளும் வாட்ஸ்அப் நிறுவனத்திடம் இதே இரண்டு குரலில்தான் பேசுகின்றன.

ஏழாம் திருமொழியில் சங்கு. இங்கே அவள் தூது அனுப்பவில்லை, விசாரிக்கிறாள். மாதவனின் வாய்க்கு என்ன மணம், என்ன சுவை என்று சங்கிடம் கேட்கிறாள். எல்லோருக்கும் உரியதை நீ மட்டும் அனுபவிக்கிறாயே என்று பொறாமைப்படுகிறாள். சங்கு எதையும் அனுப்புவதில்லை, எதையும் எடுத்துச் செல்வதில்லை. ஆனால் வாயருகில் இருக்கிறது. வாயருகில் இருப்பதற்கு எல்லாம் தெரியும். எட்டாம் திருமொழியில் மேகங்கள். வேங்கட மலை மேல் தவழும் மேகங்களிடம் தன் நிலையைச் சொல்லி அனுப்புகிறாள். மேகங்கள் கேட்டுக்கொள்கின்றன, பதில் கொண்டுவருவதில்லை.

சங்கையும் மேகத்தையும் இன்றைய கைபேசியோடு வைத்துப் பார்ப்பது விளையாட்டுபோலத் தோன்றலாம். ஆனால் மறையாக்கத்தின் எல்லை எது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மறையாக்கம் செய்வது இதுதான். ஒவ்வொருவரும் ஒரு பூட்டையும் ஒரு சாவியையும் செய்துகொள்கிறார்கள். பூட்டை ஊருக்கெல்லாம் கொடுத்துவிடுகிறார்கள், சாவி தன் கைபேசியைவிட்டு வெளியே போவதில்லை. எனக்கு அனுப்புகிறவர் என் பூட்டைப் போட்டு அனுப்பினால், நடுவில் யார் பிடித்தாலும் பூட்டிய பெட்டிதான் கிடைக்கும். உண்மையான சிக்னல் நெறிமுறை இதைவிடச் சிக்கலானது, சாவிகளை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கும். அடிப்படை இதுவே. இந்தக் கணக்கு பலமானது. பயந்துகொண்டு பேசுகிறவர்களில் பலர் நினைப்பதுபோல யாரோ நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருப்பது நடக்கிற காரியம் இல்லை.

ஆனால் பூட்டு போடுவதற்கு முன்னும், திறந்த பின்னும்? அங்கே சங்கு இருக்கிறது. 2019-இல் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் உலகம் முழுக்க ஏறக்குறைய 1,400 பேரைக் குறிவைத்ததாக வாட்ஸ்அப் நிறுவனமே வழக்குப் போட்டது. இந்தியப் பத்திரிகையாளர்களும் செயற்பாட்டாளர்களும் அதில் இருந்தார்கள். பெகாசஸ் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கைபேசிக்குள் புகுந்து, வாயருகில் உட்கார்ந்துகொண்டது. மேகமும் அப்படியே. பழைய உரையாடல்கள் தொலையாமல் இருக்க இணையக் கிடங்கில் நகல் எடுத்துவைக்கிறோமே, அந்த நகல்களுக்கு 2021 வரை இந்த மறையாக்கம் கிடையாது. இன்றும் அதைப் பயனரே அமைப்புகளுக்குள் தேடிப்போய் இயக்க வேண்டும். எத்தனை பேர் போகிறோம்?

குயில், சங்கு, மேகம் மூன்றையும்விட முக்கியமான பறவை ஒன்று மிச்சம் இருக்கிறது. பன்னிரண்டாம் திருமொழியில் அந்தக் கிளி திரும்ப வருகிறது. குயிலுக்குத் தோழியாக்குவதாகச் சொன்ன, பால்சோறு ஊட்டி வளர்த்த அதே கிளி என்று படிக்கத் தடை ஒன்றும் இல்லை. கூண்டுக்குள் இருந்துகொண்டு அது எப்போது பார்த்தாலும் கோவிந்தனின் பெயரைச் சொல்லி அழைக்கிறது. அவள் தனிமையில் சொன்ன பெயர் அது. வாயடைக்கலாம் என்று உணவைப் பிடித்துவைத்தால் உலகளந்தவனின் பெயரை இன்னும் உரக்கக் கூவுகிறது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் எப்போதோ தெரிந்துபோயிற்று, இனி வெட்கப்பட்டு ஆவது ஒன்றுமில்லை என்று அந்தப் பதிகத்தின் தொடக்கத்திலேயே அவள் சொல்லிவிடுகிறாள்.

இந்த இடம் எவ்வளவு கூர்மையானது என்று கவனியுங்கள். குயில் காட்டிக்கொடுக்கவில்லை. மேகம் காட்டிக்கொடுக்கவில்லை. வெளியே போன எந்தத் தூதும் ரகசியத்தைக் கசியவிடவில்லை. கசிந்தது வீட்டுக்குள் இருந்து. கையால் ஊட்டி வளர்த்த கிளியிடமிருந்து. அதுவும் துரோகத்தால் இல்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொல்வது கிளியின் இயல்பு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் இன்றும் ஆண்டாளின் கையில் தினம் ஒரு கிளி புதிதாகச் செய்துவைக்கப்படுகிறது. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு. அதை நாம் அழகாகப் பார்க்கிறோம். பன்னிரண்டாம் திருமொழியைப் படித்தவர் கொஞ்சம் எச்சரிக்கையோடும் பார்க்கலாம்.

அங்கிருந்து 10, 12 கிலோமீட்டர் தெற்கே போனால் ராஜபாளையம். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய வெள்ளை நாயை எல்லோருக்கும் தெரியும். வெளியாளை வாசல் தாண்ட விடாது, வீட்டாளிடம் வாலாட்டும். மறையாக்கம் இப்படி ஒரு நாய். வெளியே நிற்கிறவரிடமிருந்து காப்பாற்றும். வீட்டுக்குள் இருப்பவரிடமிருந்து காப்பாற்ற அதற்குத் தெரியாது. ஒரு பெண்ணின் கைபேசியை அண்ணனோ கணவனோ "ஒரு நிமிஷம் குடு" என்று வாங்கி, பூட்டைத் திறக்கச் சொல்லி, தன் கணினியிலிருக்கும் க்யூஆர் கோடை அதில் பிடித்துவிட்டால் முடிந்தது. அவள் பேச்சு அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும். சாதி தாண்டிப் பழகுகிற பெண்ணுக்கு, வீட்டுக்குத் தெரியாமல் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிற பெண்ணுக்கு, அமெரிக்க நிறுவனமோ டெல்லி அரசோ முதல் அபாயம் இல்லை. முன்னறையில் உட்கார்ந்திருப்பவர்தான் முதல் அபாயம். அவளிடம் போய் "இந்தச் செயலி பாதுகாப்பானது" என்று சொல்வது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி உயிரை வைக்க முடியாது.

நாய் 2005-இல் அஞ்சல்தலையிலும் ஏறியது. அந்தத் தலையை ஒட்டிய கடிதத்தை அரசு நினைத்தால் பிரித்துப் பார்க்கலாம் என்று 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த அதிகாரத்தைக் கைவிடவில்லை. ஆக, நடுவில் நிற்பவரிடம் சாவி கேட்பது பழைய வழக்கம். இந்த நூற்றாண்டில்தான் முதன்முறையாக, என்னிடம் சாவியே இல்லை என்று தூதுவன் கைவிரிக்கிறான்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் தமிழ் மரபை இங்கே இழுத்தது முழுமையாகாது. சங்க அகப்பாடல்களுக்குத் தொல்காப்பியம் ஒரு விதி வைத்தது. தலைவன், தலைவி என்று சொல்லலாம். இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது. எத்தனை அந்தரங்கமான பேச்சும் பாட்டுக்குள் வரலாம், யாருடைய பேச்சு என்பது மட்டும் வரக்கூடாது. உள்ளே இருப்பதைத் திறந்து வைத்து ஆளை மறைத்தார்கள். வாட்ஸ்அப் செய்வது நேர் எதிர். என்ன பேசினோம் என்பது அதற்குத் தெரியாது. யாரோடு, எப்போது, எத்தனை தடவை, எந்தக் குழுவில் என்பது தெரியும். இரவு 11 மணிக்கு ஒரே எண்ணுக்கு நூறு செய்தி போனால், அதில் என்ன எழுதியிருந்தது என்று எவரும் படிக்க வேண்டியதில்லை. ஊர் வாய்க்கு அது போதும். நீதிமன்றத்துக்கும் சில நேரம் அது போதும்.

இது தவிர்க்க முடியாததும் இல்லை. 2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சிக்னல் செயலியிடம் இரண்டு எண்களைப் பற்றி விவரம் கேட்டு உத்தரவு வந்தது. கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள், இவ்வளவுதான் அவர்களால் கொடுக்க முடிந்தது. வேறு எதையும் அவர்கள் சேர்த்துவைக்கவில்லை. அகத்திணை மரபுக்கு இவர்கள் கொஞ்சம் நெருக்கம். டெலிகிராம் தூரம். ரகசிய உரையாடல் என்று தனியாகத் தேர்ந்தெடுத்தால் ஒழிய அங்கே முழு மறையாக்கம் கிடையாது, குழுக்களுக்கு அறவே இல்லை. பலர் அதைத்தான் பெரிய ரகசிய இடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ராஜபாளையத்திலிருந்து வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் தாண்டினால் தென்காசி. அதன் அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனம் 2021-இல் அரட்டை என்ற செயலியைக் கொண்டுவந்தது. 2025 செப்டம்பர் இறுதியில் அது திடீரென்று நாடு முழுக்கப் பேசப்பட்டபோது அழைப்புகளுக்கு மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. கொண்டுவரும் வேலை நடக்கிறது என்று நிறுவனம் சொன்னது. எனக்குச் சுவாரசியமாக இருந்தது அந்தப் பெயர். அரட்டை என்றால் திண்ணையில், டீக்கடையில், நாலு பேர் கேட்கப் பேசுவது. அதற்குப் பூட்டு கேட்கிற நிலைக்கு வந்துவிட்டோம் என்றால், திண்ணையும் படுக்கையறையும் ஒரே திரைக்குள் வந்து சேர்ந்துவிட்டன என்று பொருள். இருநூறு பேர் உள்ள தெருக் குழுவில் முழு மறையாக்கம் இருக்கிறதாம். நல்லது. அங்கே இருநூறு கிளிகள்.

இதுவரை சொன்னதை வைத்து, கிளியை எப்படியாவது வாயடைத்துவிட்டால் போதும் என்று யாராவது முடிவுக்கு வரக்கூடும். அங்கேதான் ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னொரு பாடம் சொல்கிறது. இது கோயிலில் இல்லை, நீதிமன்றத்தில்.

2018-இல் அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரி உதவிப் பேராசிரியை தன் மாணவிகள் நால்வரிடம் தொலைபேசியில் பேசினார். பல்கலைக்கழக உயர்மட்டத்தில் இருப்பவர்களுக்கு இணங்கினால் மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்கிற பேச்சு. மாணவிகள் மறுத்தார்கள். பேச்சைப் பதிவுசெய்தார்கள், புகார் கொடுத்தார்கள். அந்த ஒலிப்பதிவு ஏப்ரலில் வெளியே வந்து தமிழ்நாட்டின் கைபேசிகளிலெல்லாம் சுற்றியது. கைது, ஆளுநர் அமைத்த விசாரணை, சிபிசிஐடி என்று வழக்கு நீண்டது. 2024 ஏப்ரல் 30 அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. உடன் குற்றம்சாட்டப்பட்ட இருவர் விடுவிக்கப்பட்டார்கள்.

அந்தத் தொலைபேசிப் பேச்சும் ஓர் அந்தரங்க உரையாடல்தான். பேசியவர் அது நாலு சுவருக்குள் இருக்கும் என்று நம்பித்தான் பேசினார். மறுமுனையில் இருந்தவர்கள் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள், உடைத்தது சரி. கிளி சில நேரம் சொல்லத்தான் வேண்டும். சோறு போடாமல் வைத்தாலும் சொல்ல வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர் அதிகாரமற்றவரிடம் ரகசியமாகக் கேட்பதற்கு ரகசியத்தின் உரிமை கிடையாது. அதைத் திறக்கும் உரிமை கேட்கப்பட்டவருக்கு உண்டு.

இங்கே சங்கப் பாடல்களின் இன்னொரு சொல்லிணை உதவும். அம்பல், அலர். ஒரு சிலர் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல், ஊரெல்லாம் பரவுவது அலர். மாணவிகள் புகார் கொடுத்தது இரண்டும் இல்லை. கேட்க வேண்டியவரிடம் கேட்கச் சொன்னது அது. பிறகு அந்த ஒலிப்பதிவு வேடிக்கைப் பொருளாகக் குழு குழுவாகப் போனதே, அதுதான் அலர். மறுத்துப் பேசிய அந்தப் பெண்களின் குரலும் அதில் இருந்தது. அதை அனுப்பியவர்களில் எத்தனை பேர் அதை நினைத்தார்கள்? ஒரு பேச்சைத் திறப்பதும் பரப்புவதும் ஒன்றில்லை. ரகசியத்தைப் பற்றிய நம் விவாதங்களில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் தொலைந்துபோகிறது.

அந்தத் தீர்ப்புக்கு ஐந்து நாள் முன்பு, 2024 ஏப்ரல் 25 அன்று, டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாட்ஸ்அப்பின் வழக்கறிஞர், மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவைவிட்டே போய்விடுவோம் என்றார். அதன் வேர் சென்னையில் இருக்கிறது. சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த மனுக்கள், ஒரு செய்தியை முதலில் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்ற விவாதமாக மாறின. முடியும், செய்தியோடு எழுதியவரின் அடையாளத்தையும் சேர்த்து அனுப்பலாம் என்றார் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி. அது பலன் தராது, அந்தரங்கத்தை மட்டும் கெடுக்கும் என்று மறுத்தார் மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2021-இல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப விதிகள், முதலில் அனுப்பியவரை அடையாளம் காட்டும் வசதி வேண்டும் என்றே கட்டளையிட்டன. அதை எதிர்த்ததுதான் டெல்லி வழக்கு. விதிக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான பாலியல் குற்றங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தீர்ப்பை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். அந்த வழக்கு வெளியே வர எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. நான்கு பெண்கள் வாய் திறந்தார்கள். அவர்கள் வாய் திறந்தால் கேட்பதற்கு ஆள் வேண்டும், திறந்த பிறகு பாதுகாப்பு வேண்டும், ஆறு வருடம் ஆகாமல் தீர்ப்பு வேண்டும். இவற்றைச் செய்வது கடினம். நடுவில் இருப்பவனிடம் சாவி கேட்பது சுலபம்.

"அப்போ வதந்தி? அதுக்கு யாரைப் பிடிக்கிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்துகிறவர் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி அதற்குப் பின்னணி. ஆனால் அந்த வதந்தி ரகசியமாக இருக்கவில்லை. ஒவ்வொரு குழுவிலும் அனுப்பியவர் பெயரோடு, எல்லோரும் பார்க்க நின்றது. அந்த ஜூலையில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்று இந்தியாவில் வரம்பு வந்தது. அது அலரின் வேகத்தைக் குறைத்தது, யாருடைய பூட்டையும் தொடவில்லை. குழந்தைகள் விஷயத்தில் என் வாதம் தடுமாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு முனையும் குற்றவாளிகளாக இருந்து, நடுவில் போவது ஒரு குழந்தையின் படமாக இருந்தால், வாய் திறக்க அங்கே ஒருவரும் இல்லை. அதற்கு நல்ல பதில் எனக்குத் தெரிந்து இன்னும் யாரிடமும் இல்லை. அதற்காக எல்லோருடைய பெட்டியிலும் ஒரு மாற்றுச்சாவி வைப்பது பதிலாகாது. மாற்றுச்சாவி நல்லவர் கையில் மட்டும் நிற்காது.

ஆகவே, நம்பலாமா? பாதையை நம்பலாம். சிக்னலை இன்னும் அதிகமாக, வாட்ஸ்அப்பைப் பெரும்பாலும், டெலிகிராமின் வழக்கமான உரையாடலைக் குறைவாக. மேகத்து நகலுக்கும் மறையாக்கத்தை இயக்குங்கள், இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலை மாதம் ஒருமுறை பாருங்கள். முனையை நம்பலாமா என்பதற்கு எந்தச் செயலியும் உத்தரவாதம் தராது. தந்தால் அது பொய்.

தொழில்நுட்பம் செய்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒருவரின் பெயரைத் தொட்டு, மறையாக்கம் என்ற வரியைத் தொட்டால் 60 இலக்க எண் ஒன்று வரும். நீங்கள் பேசுவது உண்மையிலேயே அவரோடுதானா, நடுவில் வேறு யாரும் நுழையவில்லையா என்று உறுதிசெய்ய அது. எப்படி உறுதிசெய்வது? இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கைபேசியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி. இத்தனை கணிதத்தின் முடிவில் அது சொல்வது, நேரில் போய்ப் பார் என்பதே. பன்னிரண்டாம் திருமொழியில் ஆண்டாளும் அங்கேதான் வந்து சேர்கிறாள். குயிலும் மேகமும் போதும் என்றாகி, கிளியும் ஊரைக் கூட்டிய பிறகு, தூது என்ற பேச்சை அவள் எடுப்பதில்லை. சுற்றியிருப்பவர்களிடம், அவன் இருக்கும் இடத்தில் என்னைக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறாள்.